கையால் அடித்துப் பார்த்த நாற்பது கட்டளைகள்

வாங்கியவர்கள் ஒருவரும் படிக்காத புத்தகத்தை எழுதுவதுதான் எங்கள் தொழில். ஆனால் அதில் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு தப்பு இருந்துவிட்டால் அத்தனை பேரும் சரியாக அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பார்கள். கிரைண்டருக்குச் செய்முறைக் குறிப்பு எழுதியவர்கள், மோட்டார் பம்புக்கு விளக்கத் தாள் எழுதியவர்கள், 'நீங்கதான் நல்லா எழுதுவீங்களே' என்று தலையில் கட்டப்பட்டு ஆபீஸ் சுற்றறிக்கை எழுதியவர்கள், நீங்கள் எல்லாரும் என் கட்சி. பட்டவர்களுக்குத்தான் பட்டவள் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளின் பாதியில் பீளமேட்டில், ஒரு பழைய பஞ்சு குடோனின் மேல்மாடியில் நடந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். பி.எஸ்ஸி. கணிதம், இங்கிலீஷ் டைப்பில் ஹையர். முதலாளி சென்னியப்பன் சார் அதற்கு முன்னால் மில்களுக்கு உதிரிபாகம் விற்றவர். அமெரிக்காவில் ஒரு கம்பெனி டீபக்கர் ஒன்று செய்திருந்தது. கம்ப்யூட்டர் ஏன் திடீரென்று படுத்துக்கொள்கிறது என்று அதன் உள்ளே எட்டிப் பார்க்க உதவுகிற புரோகிராம் அது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றுக்கு கர்னல் என்று பெயர். திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும், ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் கர்னல் தனக்குள்ளே ஒரு குறிப்பு வைத்திருக்கும். அந்தக் குறிப்புதான் ஆப்ஜெக்ட். அந்த ஆப்ஜெக்டுகளை எடுத்துப் பார்க்க டீபக்கரில் கட்டளைகள் உண்டு. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், எப்படி அடிப்பது, திரையில் வருவதை எப்படிப் படிப்பது என்று புத்தகம் எழுதித் தருவது எங்கள் வேலை.

முதலில் நாற்பது கட்டளைகள், பரீட்சைக்கு. பிடித்திருந்தால் முழுப் புத்தகமும் எங்களுக்கு, பிடிக்காவிட்டால் வணக்கம். பிடிக்கவில்லை என்றால் எழுதுகிற பிரிவையே மூடிவிடுவேன் என்று சென்னியப்பன் சார் நேராகவே சொல்லிவிட்டார். அந்தப் பிரிவில் இரண்டே பேர்: எழுதுவதற்கு நான், படம் வரைந்து பக்கம் அமைப்பதற்கு ஸ்டெல்லா. எனக்கோ அதற்கும் மேலே ஒரு சிக்கல். மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை தேடி வந்ததை, அப்பாவோடு மல்லுக்கட்டி வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு இந்த மாடிப்படி ஏறியிருந்தேன். நாற்பது கட்டளையும் தேறவில்லை என்றால் துடியலூர் பஸ்ஸில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒன்பதாம் பக்கம்

கட்டளைகளை எனக்குச் சொல்லிக்கொடுக்க நியமிக்கப்பட்டவர் ரஹீம். கோட்டைமேட்டுக்காரர், எங்கள் கம்பெனியின் மூத்த புரோகிராமர். வாயைத் திறந்து விளக்குவதற்கு அவருக்கு நேரம் கிடையாது. அவர் குறிப்பு நோட்டைத் தூக்கி என் மேஜையில் வைத்துவிட்டு, "இதுல எல்லாமே இருக்குதுங்க" என்று போய்விட்டார். நானும் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை வேகத்தில், ஒரு புள்ளிகூட விடாமல் அடித்தேன். டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கண் தாளில் இருக்கும், விரல் கீயில் இருக்கும், புத்தி வீட்டில் இருக்கும்.

பன்னிரண்டு பக்கத்தை மாதிரிக்கு ஃபேக்ஸ் செய்தோம். அங்கே எங்கள் பக்கங்களைத் திருத்துவதற்கென்று ராபர்ட் என்று ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். பன்னிரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அவர் அனுப்பிய பதிலை சென்னியப்பன் சார் எல்லார் முன்னாலும் வாசித்தார். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ரஹீம் தன்னுடைய நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். ராபர்ட் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"ஒன்பதாம் பக்கத்தில் 'இது வேலை செய்யுமா தெரியவில்லை, அப்புறம் பார்க்கணும்' என்று இருக்கிறது. எங்களுக்கும் அதே சந்தேகம் உண்டு."

நிறுத்தி வைத்த மெஷின்

அன்றைக்கு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யார் எழுதிக் கொடுத்தாலும் சரி, என் கையால் அடித்து, என் கண்ணால் திரையில் பார்க்காத ஒன்றைப் புத்தகத்தில் ஏற்றமாட்டேன். சொல்வது சுலபம். கர்னலை எட்டிப் பார்க்க இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் டீபக்கரை ஓட்டி, அங்கிருந்து மற்றதை அப்படியே நிற்க வைக்க வேண்டும். நிற்க வைத்த கம்ப்யூட்டரில் மவுஸ் நகராது, கடிகாரம் ஓடாது. பார்க்கிறவர்களுக்கு அது செத்த பிணம். எனக்கோ அதுதான் பாடப் புத்தகம்.

இரண்டு நாள் பாடுபட்டு, நான் விளக்க வேண்டிய நிலைமை அத்தனையும் அந்த இரண்டாவது மெஷினில் ஒரே சமயத்தில் இருக்கும்படி செய்து, நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் பழனிச்சாமி அண்ணன் அந்த நேரத்தில் வந்திருக்கிறார். நல்ல மனசுக்காரர். மவுஸை ஆட்டிப் பார்த்திருக்கிறார், அசையவில்லை. பாவம் அந்தப் பெண் திரும்பி வந்து திண்டாடக் கூடாதே என்று ரீசெட் பட்டனை ஒரு அழுத்து அழுத்திவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் என் இரண்டு நாள் உழைப்பு இருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வெறும் திரை. டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ஸ்டெல்லா ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மெஷினின் மேல் ஒட்டினாள்: 'இது பழுதாகவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருக்கிறோம். தொடாதீர்கள்.' பழனிச்சாமி அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, உண்மையான கவலையோடு என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, நல்லா ஓடிட்டு இருக்கறதை நீங்களே நிறுத்திப்போட்டு, அது ஏன் நிக்குதுன்னு நீங்களே புஸ்தகம் எழுதறீங்களா?"

எல்லா வரியிலும் ப்ளீஸ்

எங்கள் ஊர் மரியாதை எங்களோடு போகாமல் புத்தகத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. யாரிடமாவது ஒன்றைச் செய்யச் சொல்லும்போது வெறுமனே 'செய்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே 'ப்ளீஸ், இந்தக் கட்டளையை அடியுங்கள்', 'தயவுகூர்ந்து என்டர் கீயை அழுத்துங்கள்', 'திரையில் வரும் எண்ணை அன்புகூர்ந்து கவனியுங்கள்' என்று இங்கிலீஷில் வரிக்கு வரி வணங்கி எழுதியிருந்தேன். படிக்கிறவர் யாரோ ஒரு பெரிய இன்ஜினியர், கோளாறான மெஷினோடு மல்லாடிக்கொண்டிருப்பவர், அவரை அதட்டலாமா?

ராபர்ட்டிடமிருந்து கேள்வி வந்தது. 'ஒவ்வொரு வரியிலும் கெஞ்சுகிறீர்களே, படிப்பவர் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாரா?' எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. ஸ்டெல்லாவும் நானும் உட்கார்ந்து அத்தனை ப்ளீஸையும் பொறுக்கி எடுத்ததில் புத்தகம் இரண்டு பக்கம் இளைத்துவிட்டது. படித்துப் பார்த்தால் நானே யாரையோ விரட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், சொல்ல வந்தது பளிச்சென்று தெரிந்தது. சென்னியப்பன் சாருக்குத்தான் மனசே ஆறவில்லை. இளைத்துப்போன பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எடுக்கறதுன்னா எடுத்துப்போடுங்க. ஆனா மேல வெக்கற லெட்டர்லயாச்சும் ஒரே ஒரு ப்ளீஸ் உட்டு வைங்க, இல்லீன்னா நம்மளை எந்த ஊர்க்காரங்கன்னு நினைப்பாங்க?"

சூலூரிலிருந்து வந்தவர்

பாதிப் புத்தகம் முடிந்ததும், அதை யாராவது வெளியாள் வைத்து வேலை செய்து பார்க்கட்டும் என்று அமெரிக்காவில் சொன்னார்கள். சூலூரில் விசைத்தறிக்கு எலக்ட்ரானிக் கார்டு செய்துகொண்டிருந்த துரைசாமி என்பவர் கிடைத்தார். தறி எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணிச் சொல்கிற கார்டு அது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. மனிதருக்கு அந்த டீபக்கரும் எங்கள் புத்தகமும் அவசரத் தேவை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தார். 'எழுத்துக்கு எழுத்து அடிச்சேனுங்க, ஆப்ஜெக்டே இல்லைன்னு சொல்லுது. மெஷின்ல கோளாறோன்னு ரெண்டு தடவை சிஸ்டத்தையே அழிச்சுப்போட்டு மறுக்கா ஏத்தினேனுங்க' என்றார். அவர் டிக் போட்ட இடத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கர்னலில் ஒரு ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்பதற்கு நீளமாக ஒரு எண் உண்டு, முகவரி மாதிரி. மெஷினுக்கு மெஷின், நாளுக்கு நாள் அது மாறும். நான் என் மெஷினில் வந்த எண்ணை உதாரணத்தில் போட்டிருந்தேன். இவர் அதே எண்ணை, ஒரு சைபர்கூடத் தப்பாமல், தன் மெஷினில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ரஹீம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண் மாறும் என்று நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. எங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தது என் தப்பு.

அன்றைக்கே உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் முதல் படியாக 'உங்கள் மெஷினில் அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று எழுதிச் சேர்த்தேன். துரைசாமி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவருடைய கார்டில் இருந்த கோளாறும் பிடிபட்டுவிட்டது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கிளம்பும்போது கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்:

"உங்க ஊட்டு அட்ரஸைக் குடுத்து, என்ற ஊட்டுக்குப் போகச் சொன்னா எப்படீங்க போய்ச் சேர்றது?"

வீட்டில் சொல்லிக்கொண்டது

என்ன வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கர்னல், ஆப்ஜெக்ட் என்று ஆரம்பித்தால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். கடைசியில், கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் எதனால் படுத்தது என்று கண்டுபிடிக்க வழி சொல்லும் புத்தகம் என்று சுருக்கினேன். அம்மா அதை இன்னும் சுருக்கி, பக்கத்து வீட்டில், 'செத்துப்போன கம்ப்யூட்டரு எதனால செத்துச்சுன்னு எழுதறாளுங்க' என்று சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"உசுரோட இருக்கற புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கப் போ கண்ணுன்னேன், கேட்டாளா?"

முப்பத்தேழாவது கட்டளை

நாற்பதில் முப்பத்தாறு முடிந்து, கடைசி வாரம். முப்பத்தேழாவது கட்டளை ஒரு ஆப்ஜெக்டை யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது. இதை நீங்கள் கல்யாண மண்டபத்து அறையாக நினைத்துக்கொள்ளலாம். விருந்தாளிகளுக்குக் கொடுத்த சாவிகள் ஒரு கணக்கு. விருந்தாளிகள், மண்டபத்து ஆட்கள் எல்லாரிடமும் இருக்கும் சாவிகள் சேர்ந்து மொத்தக் கணக்கு. மொத்தமும் திரும்பி வந்தால்தான் அறையைக் காலி செய்யலாம். கட்டளையை அடித்தால் திரையில் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில், தலைப்போடு வரும். முதலில் வெளி புரோகிராம்களிடம் இருப்பது, அடுத்து மொத்தம். ராபர்ட் ஆட்கள் அனுப்பிய குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது; உதாரணத்தில் இரண்டும் ஒன்று, ஒன்று.

நான் என் சட்டப்படி கையால் அடித்துப் பார்த்தேன். ஒன்று, ஒன்று என்று இருந்தால் எது எதுவென்று படிப்பவருக்குப் புரியாது என்று, மூன்று புரோகிராம்களை ஒரே ஆப்ஜெக்டைப் பிடிக்க வைத்தேன். திரையில் வந்தது: வெளியே இருப்பவை நாலு, மொத்தம் மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தேன். நாலு, மூன்று. விருந்தாளிகள் மட்டும் நாலு பேராம், மண்டபத்து ஆட்களையும் சேர்த்தால் மூன்று பேராம்! வெளியே மூன்று, கர்னலே பிடித்திருப்பது ஒன்று, மொத்தம் நாலு என்று வந்திருக்க வேண்டும்; தலைப்பு இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. ஒன்றும் ஒன்றுமாக இருக்கும்வரை யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் கோளாறு தேடுகிற இன்ஜினியர் இதை நம்பினால், யார் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்களோ அவர்களை விட்டுவிட்டு ஒரு பாவமும் அறியாத புரோகிராமைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார்.

ரஹீமிடம் ஓடினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'அவங்க எழுதின புரோகிராமுங்க, அவங்களுக்கே தெரியாமயா இருக்கும்? நீங்க அடிச்சதுல ஏதோ பிசகு' என்றார். நான் விடவில்லை. 'என் பக்கத்தைப் பார்த்து நீங்களே அடிங்க, என்ன வருதுன்னு பார்க்கலாம்' என்று அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் மெஷின் முன்னால் நிறுத்தினேன். அவரும் அடித்தார். புரோகிராம்களை மாற்றி அடித்தார். அஞ்சு வைத்தார், ஆறு வைத்தார். ஒவ்வொரு தடவையும் மொத்தத்தைவிடப் பகுதி பெரிதாகவே வந்தது. கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இந்த ரெண்டு நெம்பரை நம்பித்தானுங்க நான் இத்தனை நாளா கோளாறு பாத்துட்டு இருந்தேன், ஒண்ணுகூட ஏன் உருப்படலைன்னு இப்பத்தானுங்க புரியுது."

சென்னியப்பன் சார் கீபோர்டு தொட்டது

இப்போது சிக்கல் வேறு மாதிரி. பரீட்சை வைக்கிறவரிடமே போய், உங்கள் கேள்வித்தாள் தப்பு என்று சொல்ல வேண்டும். அவர்கள் குறிப்பில் இருந்தபடியே எழுதிவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் தேறிவிடலாம். நான் கண்டுபிடித்ததை எழுதினால், அதுவும் கோயமுத்தூரில் ஒரு டைப்பிஸ்ட் சொல்கிறாள் என்றால், அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மேட்டுப்பாளையம், அப்பா, துடியலூர் பஸ் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. ஆனாலும் பொய் என்று தெரிந்த ஒன்றை இத்தனை சுத்தமாக டைப் அடித்து, பார்டர் போட்டு, பக்க எண் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வெளியே மூன்று, மொத்தம் நாலு என்று வர வேண்டியதையே பக்கத்தில் எழுதி, எப்படிச் சோதிப்பது என்று ஏழு படி கொடுத்து, திரையில் தலைப்புகள் இடம் மாறி வருகின்றன என்று ஒரு தனிச் சீட்டும் வைத்து, சென்னியப்பன் சாரிடம் நீட்டினேன்.

அவருக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அதன் சுவிட்சு மட்டும்தான். 'நீங்க தப்புங்கறீங்க, அவங்க சரிங்கறாங்க, எனக்கு என்னங்க தெரியும்?' என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். நானும் ரஹீமும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தை ஸ்டாண்டில் வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒற்றை விரல். 'எம்' எழுத்தைத் தேடவே அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. எனக்குக் கை பரபரத்தது, ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். முதல் படி, தன் மெஷினின் எண்ணைக் கண்டுபிடித்தார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஆறாவது படியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். பிழை வந்தால் என்ன செய்வது என்று நான் கீழேயே எழுதியிருந்ததைப் படித்து, தானே திருத்திக்கொண்டார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது உண்மை. கர்னல் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர், என் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கர்னலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

ஏழாவது படி. என்டர். திரையில் வந்தது: நாலு, மூன்று. என் பக்கத்தில் இருந்த எண்களோடு விரல் வைத்து ஒப்பிட்டார், தலைகீழாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி என்னைப் பார்த்து, மில்லில் பேரம் முடிந்துவிட்டால் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"மூணே பேர் இருக்கற ஊட்டுல நாலு பேர் விருந்தாளிங்கன்னு சொன்னா எனக்கே தெரியுமுங்க அது தப்புன்னு. நீங்க எழுதினபடியே அனுப்பிப்போடுங்க அம்மணி, வர்றது வரட்டும்."

பதில்

நாற்பதையும் முடித்து அனுப்பிய பிறகு பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. மற்ற சமயமாக இருந்தால் இரண்டாம் நாளே ராபர்ட் எதையாவது குத்திக் காட்டியிருப்பார். அந்தப் பதினோரு நாளும் ஃபேக்ஸ் மெஷின் கீச்சென்று சத்தம் போட்டாலே நான் எழுந்து நின்றேன். பெரும்பாலும் உதிரிபாகம் கேட்டு ஏதாவது மில்லிலிருந்து வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம் என்று அப்பா சாப்பிடும்போது பொதுவாக, ரசத்தைப் பார்த்துச் சொன்னார். நான் ரசத்தைப் பார்த்தே தலையாட்டினேன். ஸ்டெல்லா சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரஹீம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, 'உங்களுக்கும் சேத்துத்தானுங்க கேட்டுட்டு வந்தேன்' என்றார். நான் என் பங்குக்கு, அந்த ஏழு படியையும் தினமும் ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டேன். தினமும் நாலு, மூன்று.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆபீஸுக்குள் நுழையும்போதே ரஹீம் கையில் தாளோடு படிக்கட்டில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னியப்பன் சார்தான் வாசிக்க வேண்டும் என்று பிடித்து வைத்திருந்தாராம். அவர் மேஜையைச் சுற்றி எல்லாரும் கூடினோம். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பழனிச்சாமி அண்ணனும் கேனோடு நின்றார். சென்னியப்பன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் வரியை வாசித்தார், நிறுத்தினார், மறுபடியும் முதல் வரியையே வாசித்தார். நான் குதித்தேன். சேலை கட்டிக்கொண்டு, பெரியவர்கள் முன்னால், ஒரு பஞ்சு குடோனின் மேல்மாடி அதிரும்படி குதித்தேன். ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ராபர்ட் அனுப்பியிருந்ததில் ஒரு ப்ளீஸ்கூடக் கிடையாது, இருந்தும் என் வாழ்க்கையில் அதைவிட மரியாதையான கடிதம் எனக்கு வந்ததில்லை:

"முப்பத்தேழாம் கட்டளைக்கான உங்கள் பக்கத்தில் மாற்றம் எதுவும் வேண்டாம். புரோகிராமை மாற்றிவிட்டோம். மீதிப் புத்தகம் முழுவதையும் நீங்களே எழுதுங்கள்."

ஒரு கையேட்டுக்கு ஏற்றபடி ஒரு புரோகிராமைத் திருத்தினார்கள் என்று நான் சொன்னால் இன்றுவரை எந்தப் புரோகிராமரும் நம்பியதில்லை, கையேடு எழுதுகிறவர்கள் மட்டும் எந்தப் பக்கம், எந்த வரி என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.